ஹிப்பிங்கில் மிஞ்சியது குழி மட்டும்தானா?

நடுவர் அவர்களே, இரு அணியினரே, மைனஸ் இருபதில் காரை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து அமர்ந்திருக்கும் பெருமக்களே, அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். ஆறு பேரும் பேசி முடித்த பிறகுதான் சாப்பாடு என்று அறிவித்திருக்கிறார்கள். சமையல் மணம் வேறு மேடை வரைக்கும் வருகிறது. ஆகவே வணக்கத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

வழக்கமாகக் கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா, பணமா பாசமா என்று ஏதாவது கொடுப்பார்கள். நாமும் பத்து ஆண்டுகளாகப் பேசிய அதே பேச்சைப் பேசிவிட்டுக் கேசரி சாப்பிடப் போவோம். இந்த ஆண்டு நடுவருக்கு என்ன தோன்றியதோ, அமெரிக்காவில் நாம் குடியேறிய மின்னசோட்டா மாநிலத்திலேயே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஹிப்பிங் நகரின் பெருமைக்குப் பெரிதும் காரணம் ஊரைவிட்டுப் போனவர்களா, ஊரோடு இருந்தவர்களா? எனக்குக் கிடைத்தது இருந்தவர்கள் அணி. போனவர்கள் அணியைக் கொடுத்திருந்தாலும் இதே சட்டையோடு வந்து இதே வேகத்தில் பேசியிருப்பேன். நடுவருக்கு அது தெரியும். ஆனாலும் எதிரணித் தலைவர் பேசிய ஒரு பேச்சைக் கேட்ட பிறகு, என் அணி எனக்கு நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது.

ஊரைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து வடக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். 2020 கணக்கெடுப்பில் 16,214 பேர். இவ்வளவு பேரை நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பார்க்கிறோமே என்று செயலாளர் நினைக்கலாம். அவர் நினைப்பு அவரோடு இருக்கட்டும். மெசாபி என்னும் இரும்புத் தாது மண்ணின் மேல் 1893-இல் எழுந்த ஊர். நிறுவியவர் ஃபிராங்க் ஹிப்பிங் என்ற ஜெர்மானியர். கடுங்குளிரில் ஒரு காலை கூடாரத்தைவிட்டு எழுந்து வந்தவர், 'எலும்பெல்லாம் துருப்பிடித்ததுபோல் இருக்கிறது, எனக்குக் கீழே இரும்பு இருக்க வேண்டும்' என்று சொன்னதாக அங்கே ஒரு கதை. நமக்கும் ஜனவரி மாதத்தில் அப்படித்தான் இருக்கிறது. நாம் மருத்துவரிடம் போகிறோம், அவர் சுரங்கம் தோண்டினார்.

சரி, எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? பெயர்களாக அடுக்கினார். நோபல் பரிசு பெற்ற பாடகர் பாப் டிலன். ஒரே பருவத்தில் 61 ஹோம் ரன் அடித்த பேஸ்பால் வீரர் ரோஜர் மாரிஸ். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக மூன்று முறை கோப்பை வென்ற கூடைப்பந்து வீரர் கெவின் மெக்ஹேல். சார்லஸ் மேன்சனின் கொலைகாரக் கும்பலைக் கூண்டில் ஏற்றித் தண்டனை வாங்கிக்கொடுத்த அரசு வழக்கறிஞர் வின்சென்ட் புக்லியோசி. இத்தாலியக் குடும்பத்தில் பிறந்து, சீன உணவை டப்பாவில் அடைத்து அமெரிக்கருக்கு விற்றுக் கோடீஸ்வரரான ஜெனோ பலுச்சி. ஒவ்வொரு பெயருக்கும் நீங்கள் கைதட்டினீர்கள். பலுச்சிக்கு நானும் தட்டினேன், பசி நேரம்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் ஒன்று சொன்னார்: "போனவர்கள் மலையாக நிற்கிறார்கள். ஊரோடு இருந்ததாக இந்த அணியினர் யாரைக் காட்டப்போகிறார்கள்? ஹிப்பிங்கில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான் ஐயா, குழி!" அரங்கம் அதிர்ந்தது. என் மனைவியும் சிரித்தார். எதிர்பக்கம் அமர்ந்து சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

குழிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் உதறிப் பார்க்கலாமா? முதல் பெயர் பாப் டிலன். அவர் பிறந்தது ஹிப்பிங் அன்று, டுலூத். சிறுவயதில் ஹிப்பிங்குக்கு வந்து வளர்ந்தவர். இரண்டாவது பெயர் ரோஜர் மாரிஸ். 1934-இல் பிறந்தது ஹிப்பிங்தான். வளர்ந்ததோ வடக்கு டகோட்டா. அவருடைய கல்லறையும் அருங்காட்சியகமும் ஃபார்கோ நகரில் இருக்கின்றன. அருங்காட்சியகம் ஒரு வணிக வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, துணி வாங்கப் போகிறவர்கள் அப்படியே பார்த்துவிட்டு வரலாம். ஆக எதிரணியின் இரண்டு பெரிய தூண்களில் ஒருவர் வேறு ஊரில் பிறந்து இங்கே வளர்ந்தவர், மற்றவர் இங்கே பிறந்து வேறு ஊரில் வளர்ந்தவர். இருவரையும் சேர்த்தால்தான் ஹிப்பிங்கில் பிறந்து வளர்ந்த ஒரு முழு ஆள் கிடைக்கிறார்! மெக்ஹேலை நான் தொடமாட்டேன். அவர் ஹிப்பிங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், உயரம் ஆறடி பத்து அங்குலம். தொட வேண்டுமானாலும் எட்டாது.

இப்போது கார்க் கதை. எதிரணித் தலைவர் இதை முப்பது விநாடியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல கதையை அப்படிச் சொல்வது பாவம்.

1914-ஆம் ஆண்டு. கார்ல் எரிக் விக்மன் என்ற சுவீடன் நாட்டு இளைஞர் சுரங்கத்தில் துளையிடும் வேலை பார்த்தார். வேலை போயிற்று. கார் விற்கலாம் என்று இறங்கினார். ஹப்மொபைல் என்று ஒரு கார், ஏழு பேர் உட்காரலாம். விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று எந்தப் புத்தகமும் விரிவாகச் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். ஊரில் உள்ளவர்களெல்லாம் சுரங்கத் தொழிலாளிகள். வருகிறார்கள். காரைச் சுற்றிப் பார்க்கிறார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். சக்கரத்தை ஓர் உதை உதைக்கிறார்கள். எந்த நாட்டில் எந்தக் காலத்தில் கார் வாங்கப் போனாலும் ஆண்பிள்ளை சக்கரத்தை உதைக்காமல் வரமாட்டான், அதில் அவனுக்கு என்ன தெரிகிறது என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. "எங்கே, ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள்" என்கிறார்கள். ஓட்டிக் காட்டுகிறார். இறங்குகிறார்கள். "அருமையான கார்" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள்!

நாலு பேர் இப்படிச் செய்தால் விக்மனுக்குக் கோபம் வந்திருக்கும். நாற்பது பேர் செய்தபோது யோசனை வந்தது. அட, இவர்களுக்குக் கார் வேண்டாம், அந்தச் சுற்றுதான் வேண்டும்! அங்கிருந்து இரண்டு மைலில் ஆலிஸ் என்று ஒரு குடியிருப்பு. மதுக்கடைகளுக்குப் பெயர் போன இடம். தொழிலாளிகளுக்கு அங்கே என்ன அவசர வேலை இருந்திருக்கும் என்பதை நான் விளக்கப்போவதில்லை, குழந்தைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். விற்காத காரில் ஆட்களை ஏற்றினார் விக்மன். ஆளுக்குப் பதினைந்து சென்ட். ஏழு பேர் வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்கிறீர்களா? மதுரையிலும் திருச்சியிலும் ஷேர் ஆட்டோவில் போனவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கேட்கவே கூடாது.

அந்த ஒரு காரிலிருந்து வளர்ந்ததுதான் கிரேஹவுண்ட் பஸ் நிறுவனம். அமெரிக்கா முழுக்க ஓடிய, பாயும் நாய் வரைந்த பஸ். மாணவராக இங்கே வந்த புதிதில், விமானத்துக்குக் காசில்லாமல் அதில் இரவெல்லாம் உட்கார்ந்து போனவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா! நடுவரும் தூக்குகிறார்.

எதிரணித் தலைவர் இந்தக் கதையை எப்படி முடித்தார்? "விக்மன் ஊரைவிட்டுக் கிளம்பினார், பெரிய முதலாளி ஆனார். கிளம்பியதால் வென்றார்." நியாயம்தான், கிளம்பினார். ஆனால் கதையைக் காருக்குள் இருந்து சொல்லாமல் காருக்கு வெளியே இருந்து சொல்லிப் பாருங்கள். விக்மனிடம் இருந்தது என்ன? விற்காத ஒரு கார். அதை பஸ்ஸாக்கியது யார்? பதினைந்து சென்ட் கொடுத்து ஏறியவன். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து, முகத்தில் செம்மண்ணோடு, 'போய் இரண்டு கிளாஸ் அடித்துவிட்டு வருவோம்' என்று ஏறிய அந்தத் தொழிலாளி இறங்கும்போது ஓர் உலக நிறுவனத்தைத் தொடங்கிவைத்துவிட்டு இறங்கினான். அவன் ஊரோடு இருந்தவன். மறுநாள் காலை அவன் மறுபடியும் குழிக்குள் இறங்கினான்.

குழி! வந்துவிட்டோம் தோழரே. இனிமேல் என் நேரம் முழுவதும் உங்கள் குழிக்குள்தான்.

ஹல்-ரஸ்ட்-மஹோனிங் சுரங்கம் அதன் பெயர். மூன்று மைலுக்கு மேல் நீளம், இரண்டு மைல் அகலம், 535 அடி ஆழம். மேலே ஒரு பார்வை மேடை இருக்கிறது, அங்கே நின்று பார்த்தால் அடியில் போகும் ராட்சத லாரிகள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும். இரண்டு உலகப் போர்களின் உச்சத்தில் அமெரிக்கா வெட்டியெடுத்த இரும்புத் தாதுவில் நான்கில் ஒரு பங்கு வரைக்கும் இந்த ஒரே குழி கொடுத்தது. நான்கில் ஒன்று! டாங்கி, கப்பல், பாலம், தண்டவாளம், நியூயார்க்கில் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கட்டடம், எதைத் தட்டினாலும் மெசாபி மண்ணின் சத்தம் கேட்கலாம். எதிரணித் தலைவர் மலை மலை என்று சொன்னாரே, அந்த மலையெல்லாம் எந்த மண்ணை அள்ளிக் கட்டினார்கள்? குழியைத் தோண்டாமல் யாராவது மலை கட்டியிருக்கிறார்களா?

இன்னும் கேளுங்கள். ஊருக்கு அடியிலேயே இரும்பு இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. 'தாது எங்களுடையது, நீங்கள் எழுந்திருங்கள்' என்றது சுரங்கக் கம்பெனி. வேறு மக்களாக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். எதிரணித் தலைவர் முதல் ஆளாகப் போயிருப்பார், நோபல் பரிசு வாங்க. ஹிப்பிங்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டையும் தூக்கிக்கொண்டு போனார்கள்!

கதை இல்லை ஐயா. 1919-இலிருந்து 1921 வரை நடந்தது. வீடுகளைத் தரையிலிருந்து நெம்பி எடுத்து, அடியில் மரக்கட்டைகளை உருட்டி, நீராவி இயந்திரங்களைக் கொண்டு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், ஓட்டல்கள். நம்மில் ஒருவர் வாடகை வீடு மாறினால் குக்கர் மூடியைத் தேட ஆறு மாதம் ஆகிறது. அவர்கள் சமையலறையோடு சேர்த்து நகர்ந்தார்கள். ஒரே ஒரு விபத்து: செல்லர்ஸ் ஓட்டல் என்று பெரிய கட்டடம், உருளையிலிருந்து நழுவி விழுந்து விறகுக் குவியலாகிவிட்டது. அன்றைக்கு அந்த ஓட்டலில் அறை முன்பதிவு செய்திருந்தவர் என்ன ஆனார் என்று எனக்குப் பல நாளாகக் கவலை.

எங்கே நகர்ந்தார்கள் என்று கேட்கவில்லையே நீங்கள்? ஆலிஸுக்கு! விக்மனுடைய கார் பதினைந்து சென்டுக்குப் போய்வந்த அதே ஆலிஸுக்கு. கார் விற்கவில்லை, ஆளை ஏற்றினார். ஆளை ஏற்றிப் போன இடத்துக்கே பின்னாலேயே ஊர் வந்து சேர்ந்தது! உலகத்தில் பஸ் ஊருக்குப் போகும். ஊர் பஸ்ஸுக்குப் பின்னால் போனது ஹிப்பிங்கில்தான். நடுவர் அவர்களே, மணியைத் தொடாதீர்கள், கதை இப்போதுதான் சூடுபிடிக்கிறது.

அந்தக் காலத்தில் விக்டர் பவர் என்று ஒரு நகராட்சித் தலைவர் இருந்தார். சண்டைக்காரத் தலைவர் என்றே பட்டப்பெயர். சுரங்கக் கம்பெனியோடு மல்லுக்கட்டி வரி வாங்கினார். மண்ணை எடுத்துக்கொண்டு போகிறாயா, போ, ஆனால் காசை இங்கே வைத்துவிட்டுப் போ. உலகிலேயே பணக்காரக் கிராமம் என்று அந்த ஊருக்குப் பெயர் வந்தது. வந்த பணத்தில் மாளிகையா கட்டினார்கள்? பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1920-இல் தொடங்கி 1923-க்குள் முடித்த ஹிப்பிங் உயர்நிலைப் பள்ளி. செலவு ஏறத்தாழ 40 லட்சம் டாலர், அந்தக் காலத்து டாலர். உள்ளே 1,800 பேர் அமரும் அரங்கம். மேலே செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வரவழைத்த கண்ணாடிச் சரவிளக்குகள். யாருக்காக? குரோவேஷியாவிலிருந்தும் ஃபின்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து குழிக்குள் இறங்கியவர்களின் பிள்ளைகளுக்காக. வீட்டில் ஆங்கிலம் பேசத் தெரியாத பிள்ளைகள் சரவிளக்குக்குக் கீழே உட்கார்ந்து படித்தார்கள்.

அப்படி ஆங்கிலம் தெரியாமல் பள்ளிக்குப் போன ஒரு பிள்ளையின் பெயர் ரூடி பெர்பிச். குரோவேஷியச் சுரங்கத் தொழிலாளியின் மகன், 1928-இல் பிறந்தவர். வெளியே போய்ப் பல் மருத்துவம் படித்தார். படித்து முடித்துவிட்டு என்ன செய்தார்? ஹிப்பிங்குக்கே திரும்பி வந்து தொழில் தொடங்கினார். பல் மருத்துவருக்கு என்ன வேலை, தோழரே? குழி அடைப்பது! தகப்பன் தோண்டிய ஊரில் மகன் அடைத்தான். அந்தப் பல் மருத்துவர்தான் இந்த மின்னசோட்டா மாநிலத்தை 1976-79, 1983-91 என்று இரண்டு தடவையாக ஆண்ட ஆளுநர். இந்த மாநிலத்தில் அவரைவிட நீண்ட காலம் ஆளுநராக இருந்தவர் வேறு யாருமில்லை. குழி என்று சிரித்தீர்களே, குழி ஆளுநரைக் கொடுத்திருக்கிறது.

பெர்பிச்சையும் விடுங்கள், அவர் பெயர் பெற்றுவிட்டார். அந்த 1,800 பேர் அரங்கத்துக்குத் திரும்பி வாருங்கள். 1950-களின் கடைசி. பள்ளியில் ஒரு கலைநிகழ்ச்சி. ராபர்ட் சிம்மர்மன் என்ற பையன், பிறகு பாப் டிலன் ஆனவன், பியானோ முன் நின்றுகொண்டு கத்திக் கத்திப் பாடுகிறான். காது தாங்காமல் தலைமையாசிரியர் மைக்கை அணைத்துவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பையன் நிறுத்தினானா? இல்லை. நடுவர் மணியடித்த பிறகும் பேசும் மரபு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? 1959-இல் பள்ளி முடிக்கும்போது ஆண்டு மலரில் ஒவ்வொரு மாணவனும் தன் இலட்சியத்தை எழுத வேண்டும். டாக்டர், இன்ஜினியர் என்று எழுதவில்லை நம் ஆள். ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்டோடு சேர வேண்டும் என்று எழுதினான். நம் வீட்டில் ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால் அன்றைக்கு இரவு அந்த வீட்டில் சாப்பாடு நடந்திருக்குமா?

அந்தப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர் பி. ஜே. ரோல்ஃப்சன். வறுமையில் வளர்ந்து ஆசிரியரானவர். கவிதை என்றால் அவருக்கு உயிர். சிம்மர்மன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு மாணவன் நியூயார்க் போனான், உலகப் புகழ் பெற்றான். ஆசிரியர் ஹிப்பிங்கிலேயே இருந்து, உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு கல்லூரியிலும் அடுத்தடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதே கவிதையைச் சொல்லிக்கொடுத்தார். 2009-இல் காலமானார். 2016-இல் அவர் மாணவனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு. டிசம்பர் விழாவுக்கு மாணவன் போகவில்லை. மறு ஆண்டு நிகழ்த்திய பரிசுச் சொற்பொழிவில் பள்ளிப் பருவத்தில் படித்த நூல்களைப் பற்றி விரித்துப் பேசினான். கேட்க ஆசிரியர் இல்லை.

சிரிப்பு போதும் என்று நினைக்கிறேன். இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரம் சிம்மர்மன். டிலனின் தகப்பனார். டுலூத்தில் நல்ல வேலையில் இருந்தார். 1946-இல் போலியோ தாக்கியது. காலில் நிரந்தரமாகக் குறை. வேலை போயிற்று. மனைவியின் ஊர் ஹிப்பிங். தம் சகோதரர்களும் அங்கே மின்சாமான் கடை வைத்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகளோடு அங்கே வந்து சேர்ந்தார். கடையில் நின்றார். குளிர்சாதனப் பெட்டியும் அடுப்பும் விற்றார். சுரங்கத்தில் வேலைநிறுத்தம் என்றால் ஊரில் காசு இருக்காது, தவணைக்கு வாங்கியவர்களிடம் போய்ச் சாமானைத் திரும்ப எடுத்து வரவேண்டிய வேலையும் கடைக்காரருக்கு உண்டு. அந்த மாதிரி ஒரு ஊரில், காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர்.

மகன் கல்லூரிக்குப் போனான். இதோ நம் மினியாப்பொலிஸில் இருக்கும் மின்னசோட்டா பல்கலைக்கழகம்தான். ஓராண்டுக்கு மேல் தாங்கவில்லை. பாடப் போகிறேன் என்றான். தகப்பனார் என்ன செய்தார்? பிற்காலத்தில் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். மகனுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தார்களாம். இந்த ஓராண்டு உன் விருப்பப்படி இரு, சரிவரவில்லை என்றால் படிப்புக்குத் திரும்பிவிடு. அவ்வளவுதான். அடிக்கவில்லை, வீட்டைவிட்டு விரட்டவில்லை, உறவினரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்கவில்லை. அடுப்பு விற்கும் ஒரு நொண்டிக்கால் மனிதர் தன் மகனுக்கு ஓராண்டை எடுத்துக் கொடுத்தார். நோபல் பரிசின் மூலதனம் அந்த ஓராண்டு.

மகன் நியூயார்க் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டான். போகட்டும், கலைஞர்கள் செய்வதுதான். கேட்டவர்களிடமெல்லாம் வேறு வேறு கதை சொன்னான்: நான் அனாதை, சர்க்கஸ் கூடாரத்தோடு ஊர் ஊராகத் திரிந்தவன், வீட்டைவிட்டுப் பல தடவை ஓடியவன். 1963-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நியூஸ்வீக் இதழின் செய்தியாளர் கேட்டபோது, என் பெற்றோரை எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது, தொடர்பு விட்டுப் பல ஆண்டு ஆகிறது என்றான். அதைச் சொன்ன நேரத்தில், சில தெருக்கள் தள்ளி ஒரு விடுதியில், ஹிப்பிங்கிலிருந்து வந்த ஏப்ரமும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கார்னகி அரங்கில் மகன் பாடுவதைக் கேட்க வந்திருந்தார்கள். பயணச் செலவையும் இரண்டு டிக்கெட்டையும் அனுப்பியது யார் தெரியுமா? அந்த மகன்தான்.

யோசித்துப் பாருங்கள். இல்லை என்று ஊருக்குச் சொன்ன தாய்தகப்பனுக்கு டிக்கெட்டும் அனுப்புகிறான். பத்திரிகையில் அதை அம்பலப்படுத்தி எழுதியும்விட்டார்கள். ஹிப்பிங்கில் அந்த இதழ் கிடைக்காமலா இருந்திருக்கும்? கடைக்கு வருகிறவர்கள் பார்த்திருக்க மாட்டார்களா? 'என்ன சிம்மர்மன், உங்கள் மகனுக்கு உங்களைத் தெரியாதாமே' என்று ஒருவராவது கேட்காமலா விட்டிருப்பார்? பெற்ற மனம் பித்து என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. தகப்பனார் மறுநாளும் கடையைத் திறந்திருப்பார். 1968-இல் ஐம்பத்தாறு வயதில் மாரடைப்பால் இறந்தார். மகன் ஹிப்பிங்குக்கு வந்து இறுதிச்சடங்கில் நின்றான். இன்று அவர்கள் வாழ்ந்த தெருவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஏப்ரம் சிம்மர்மன் தெரு என்று நினைக்காதீர்கள். பாப் டிலன் தெரு.

நடுவர் அவர்களே, இந்த அரங்கில் நாங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறோம். உண்மையில் எல்லோரும் ஒரே அணி. போனவர்கள் அணி. எனக்கும் இது தெரிந்துதான் பேசிக்கொண்டிருக்கிறேன், என் வாதத்துக்கு இது நல்லதில்லை என்பதும் தெரிந்துதான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ அழைப்பில் ஊருக்குப் பேசுகிறோம். போனை எப்படிப் பிடிப்பது என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் அப்பாவின் நெற்றியும் மேலே ஓடும் மின்விசிறியும்தான் தெரிகின்றன. "முகத்தைக் காட்டுங்கள் அப்பா" என்றால், "நீ நன்றாகத் தெரிகிறாய், அது போதும்" என்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். இங்கே காலை ஒன்பது மணி என்பது அவருக்குத் தெரியும், இருந்தாலும் இரவுச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார், அவருக்கு அங்கே இரவு. அவர் பெயரும் எந்த ஊரின் பெருமைப் பட்டியலிலும் வராது.

மணி அடித்துவிட்டீர்கள், கேட்டது. முடித்துவிடுகிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மையார் பாப் டிலன் எழுதிய பாட்டெல்லாம் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், எனக்குத் தெரியும். அவர் தாராளமாகப் பேசட்டும், நோபல் பரிசை இன்னொரு முறை இந்த மேடையில் வழங்கட்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்: தாய்தகப்பனைத் தெரியாது என்றவன் அந்த இரண்டு டிக்கெட்டை எந்த முகவரிக்கு அனுப்பினான்?

நன்றி, வணக்கம்.